இதோ, காய்ந்துவிட்டது

பச்சைப் புடவை கட்டி வந்திருக்கக் கூடாதாம்.
பின்னால் தொங்குவதும் பச்சைத் துணி.
"தலையும் கையும்தான் தெரியும் அக்கா,
நடுவுல பூந்தோட்டம் வந்துடும்" என்றான்
கேமரா மாதேஷ், சிரிக்காமல்.

டயர் கடைக்கு மேல் மாடி.
கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் திரும்பும் ஒவ்வொரு லாரியும்
எங்களுக்கென்று ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகிறது.
அடித்தால் நிறுத்து. மறுபடி முதலிலிருந்து.
"வணக்கம், நான் முனிரத்னா, காவேரிப்பட்டணத்திலிருந்து."
ஏழு முறை சொன்னேன்.
ஏழாவதில்
யாரோ ஒருத்தியை அறிமுகம் செய்வதுபோல் இருந்தது.

விளம்பரம் தரும் கடையின் அரக்குப் பட்டு ஒன்று வந்தது.
விலைச்சீட்டைக் கிழிக்காமல்
இடுப்புக்குள் செருகிவிட்டாள் தொகுப்பாளினி ஹர்ஷிதா.
"கறை மட்டும் படக் கூடாதுக்கா, சாயந்திரம் திருப்பிக் கொடுக்கணும்."
முன்னே ஆறு பெயிண்ட் டப்பா, ஆறும் திறந்து.
ஆறாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்
மூச்சு விடும்போதெல்லாம் குத்தியது.

டிபன் கேரியரில் நாலு அடுக்கு கொண்டுபோயிருந்தேன்.
கீழே ஈரக் கொட்டை,
காலையில் கூழ் கம்பெனி வாசலில் லோடு ஏறுமுன் பொறுக்கியது.
அதற்கு மேல் சதை சுரண்டியது.
அதற்கு மேல் காய்ந்தது.
உச்சியில், நாரையே துடுப்பாக விட்டு
செதில் வரைந்து முடித்த மீன்.
திம்மராயன் சார் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டினார்:
'ஐந்தே நிமிடத்தில் மாங்கொட்டை மீன்.'
என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"இப்போ இதை வெயில்ல வைக்கணும்" என்றேன்.
"கட்."
குனிந்து மூன்றாம் அடுக்கை எடுத்து வைத்தேன்.
"சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க."
"இதோ, காய்ந்துவிட்டது."

அந்த இதோவுக்குள் பன்னிரண்டு நாள் இருந்தது.
மூன்றாம் நாள் மழை,
முறத்தோடு கொட்டைகளைக் கட்டிலுக்கடியில் இழுத்தது,
கட்டிலில் இருமிக்கொண்டிருந்த மாமனார்
"வீடே ஊறுகாய் ஜாடி ஆயிடுச்சு" என்றது,
எறும்பு,
எறும்புக்குப் போட்ட மஞ்சள்,
மஞ்சளைத் தாண்டி வந்த எறும்பு.
குழு லோன் வசூலுக்கு வந்தவர்
வாசலில் காய்ந்ததன்மேல் பைக்கை ஏற்றி
ஏழு கொட்டை நொறுங்கியது.
மன்னிப்புக் கேட்டார். தவணையைக் கேட்டார்.
ஒன்பதாம் நாள் ஒன்று முளைவிட்டிருந்தது.
அதன்மேல் மீன் வரைய முடியாது.
குழாயடியில் வைத்துவிட்டு
கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினேன்.

கை மட்டும் நெருக்கத்தில் எடுக்க வேண்டிய இடத்தில்
மாதேஷ் தயங்கினான்.
மாம்பால் பட்டுப் பட்டுக் கறுத்த நுனிகள் என்னுடையவை.
"லைட்டுக்குச் சரியா வரல அக்கா."
ஆகவே என் மீனுக்குக் கண் வைத்தது
ஹர்ஷிதாவின் ரோஸ் நகம்.
கண் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.
"அழகா இருக்கு இல்ல?" என்றாள் கேமராவைப் பார்த்து.
மாறுகண் மீன். இருக்கட்டும்,
அதற்கும் பார்வை உண்டு.

ஒன்று சொல்ல வேண்டும்.
பெயிண்ட் ஒரு சொட்டும் படவில்லை.
ஈரக் கொட்டையின் சாறு ஒரு துளி
பட்டின் நாலாம் மடிப்பில் விழுந்தது.
மடித்துக் கொடுத்துவிட்டேன்.
எந்தக் கல்யாணத்திலோ
யாருக்கோ இப்போது மாம்பழம் மணந்துகொண்டிருக்கும்.

ஞாயிறு பதினொன்றுக்கு ஒளிபரப்பு.
நடுவில் மெத்தை விளம்பரம், இரண்டு தடவை.
பதினொன்றேகாலுக்கு பர்கூரிலிருந்து ஒரு போன்.
"மாங்கனிக் கண்காட்சி ஸ்டாலுக்கு நூறு மீன் வேணும்மா.
புதன்கிழமைக்குள்ள ஆயிடுமில்ல?
ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷம்தானே."

நூறு அஞ்சு ஐநூறு.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
ஆயிடும் என்று சொன்னது
வணக்கம் சொன்ன அந்த ஏழாவது ஆளாக இருக்கலாம்.

மொட்டை மாடியில் ஈரக் கொட்டைகளை விரித்துவிட்டு
ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன்.
தென்பெண்ணைப் பக்கம் மேகம்.
எறும்புகள் மட்டும்
சொன்ன நேரத்துக்கு வந்தன.